வரலாற்றில் முதுகலை படிக்கும் தமிழ் மாணவருக்கு ஓர் உதவிநிதி வேண்டும்

தமிழ் முரசு ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வரலாற்றில் முதுகலைப் பட்டம் படிக்க விரும்பும் இளையர்களை, அவர்களுள்ளும் தமிழ் ஆவணங்களைப் படித்துச் சிங்கப்பூர்த் தமிழரின் வரலாற்றை எழுத முன்வருபவர்களை, நம் சமூகம் பொருளுதவி தந்து ஆதரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன். நான் உயர்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியை. பணியில் இருந்தவாறே பகுதிநேரமாக ஆய்வுவழி முதுகலைப் பட்டம் பெற்றவள். இந்தப் படிப்பு மாணவரிடம் எதைக் கேட்கிறது, அவருக்கு எதைத் தருகிறது என்பதை அருகிலிருந்து பார்த்திருப்பதால் சற்று விரிவாகவே எழுத அனுமதி வேண்டுகிறேன்.

மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளிவந்த பிறகு முன்னாள் மாணவர்கள் சிலர் என்னைப் பார்க்க வருவதுண்டு. தொடக்கக் கல்லூரியில் எச்2 (மேல்நிலைப் பாட நிலை) வரலாற்றையும் எச்2 தமிழ்மொழியும் இலக்கியமும் என்ற பாடத்தையும் சேர்த்தே எடுத்து நன்றாகத் தேறியவர்கள் அவர்களுள் இருப்பார்கள். இரண்டையும் இணைத்து மேலே படிக்க முடியுமா என்று ஆர்வத்துடன் கேட்பார்கள். முடியும் என்று விளக்கிச் சொல்லி அனுப்புவேன். வீட்டில் பேசிவிட்டு அடுத்த முறை வரும்போது அவர்களுடைய கேள்வி வேறாக இருக்கும்: "வரலாறு படித்தால் என்ன வேலை கிடைக்கும் டீச்சர்?"

இதைக் கேட்கச் சொன்ன பெற்றோரை நான் குறைகூற மாட்டேன். இந்த நகரில் வீட்டுக் கடனும் மூத்தோர் பராமரிப்பும் எவ்வளவு கனக்கும் என்பதை அறிந்தவர்கள் அவர்கள். ஆகவே நேராகவே பதில் சொல்கிறேன். மருத்துவப் பட்டத்தையும் சட்டப் பட்டத்தையும் போல வரலாற்று முதுகலை எந்த ஒரு தொழிலுக்கும் தனி உரிமம் தருவதில்லை. ஆசிரியப் பணி, ஆவணக் காப்பகம், அரும்பொருளகம், மரபுடைமை ஆய்வு, நூல் பதிப்பு, செய்தித்துறை, அரசாங்கச் சேவை ஆகியவற்றில் அதற்கு மதிப்பு உண்டு. எனினும் இவற்றுள் சில மிகச் சிறிய துறைகள், இடங்கள் குறைவு. பட்டத்தைப் பெற்ற மறுமாதமே சம்பளம் உயரும் என்று எண்ணி யாரும் இதில் சேர வேண்டாம். இதையெல்லாம் அறிந்த பிறகும் படிக்க விரும்பும் பிள்ளைக்கு வீட்டார் குறுக்கே நிற்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. நூற்றுக்கணக்கான பக்கங்களைப் படித்து, ஒன்றோடொன்று முரண்படும் சான்றுகளை எடைபோட்டு, நிற்கக்கூடிய ஒரு முடிவைத் தெளிவான நடையில் எழுதப் பழகிய ஒருவர் எந்த அலுவலகத்திலும் பயனற்றவராக இருக்க மாட்டார்.

ஆய்வுவழி முதுகலை என்றால் என்ன என்பதே பல வீடுகளில் தெரியாதிருக்கிறது. இளங்கலையில் மாணவர் பெரும்பாலும் பிறர் எழுதிய வரலாற்றைக் கற்கிறார். முனைவர் பட்டமோ வாழ்நாளில் பல ஆண்டுகளை எடுத்துக்கொள்கிறது. இடையில் இருக்கும் முதுகலை ஆய்வில், ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதற்குரிய மூல ஆவணங்களை நேரில் படித்து, நெறியாளர் ஒருவரின் வழிகாட்டுதலில் ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் இவ்வாறு ஆய்வு செய்ய இயலும். விண்ணப்பிக்கும்போது நல்ல சிறப்புப் பட்டம் மட்டும் போதாது. என்ன கேட்கப்போகிறோம், எந்த ஆவணங்களைக் கொண்டு கேட்கப்போகிறோம், இதற்கு முன் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதையெல்லாம் ஓர் ஆய்வு முன்மொழிவாக எழுதித் தர வேண்டும். அந்த முன்மொழிவில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். "சிங்கப்பூரில் தமிழர் வரலாறு" என்பது ஆய்வுத் தலைப்பு ஆகாது. 1957ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் வந்தபோது குடிமக்களாகப் பதிந்துகொள்ளுமாறு தமிழ்த் தொழிலாளர்களிடம் தமிழ்ப் பத்திரிகைகள் எவ்வாறு எடுத்துச் சொல்லின என்பது ஆய்வுத் தலைப்பு ஆகும். ஓரிரு ஆண்டுகளில் செய்து முடிக்கக்கூடியது, எல்லை உடையது, ஆவணம் உடையது. நம் வரலாற்றில் இன்னும் எழுதப்படாமல் கிடப்பவற்றுள் பெரும்பகுதி இந்த அளவினதாகவே எனக்குத் தோன்றுகிறது.

தமிழ் படிக்கத் தெரிந்தவர்களே இதைச் செய்ய வேண்டும் என்று நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. மலாயா, சிங்கப்பூர் இந்தியர்களைப் பற்றிய அடிப்படை ஆய்வுகளை 1969இல் கெர்னியல் சிங் சந்துவும் 1970இல் சின்னப்பா அரசரத்தினமும் வெளியிட்டனர். அவர்களுக்குப் பின் வந்த எல்லாரும் அந்த அடித்தளத்தின்மீது நின்றே எழுதுகிறோம். ஆயினும் இத்துறையின் எழுத்துகளில் பெரும்பாலானவை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொழிலாளர் துறை அறிக்கை, குடியேற்ற நாட்டு அமைச்சின் கடிதப் போக்குவரத்து ஆகிய ஆங்கில ஆவணங்களையே முதன்மையாகச் சார்ந்தவை. எத்தனை பேர் கப்பலில் வந்தார்கள், எவ்வளவு கூலி பெற்றார்கள், எத்தனை பேர் நோயுற்றார்கள் என்பதை அந்த ஆவணங்கள் நுணுக்கமாகச் சொல்கின்றன. வந்தவர்கள் தங்களுக்குள் என்ன பேசினார்கள், எதை எண்ணி அஞ்சினார்கள், எதற்காகச் சங்கம் கூட்டினார்கள், யாரோடு வாதிட்டார்கள் என்பது தமிழில்தான் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கூறுகிறேன். மலாயாவில் இந்தியத் தொழிலாளர்களின் நிலையை ஆராய்வதற்காக இந்திய அரசாங்கம் வி.எஸ். சீனிவாச சாஸ்திரியை 1936ஆம் ஆண்டின் இறுதியில் அனுப்பியது. அவரது அறிக்கை அடுத்த ஆண்டில் வெளிவந்தது. 1938 ஜூன் மாதத்தில், தோட்டக் கூலி குறித்த தகராறு முற்றியிருந்த நிலையில், உதவி பெற்று மலாயாவுக்கு வரும் தொழிலாளர்களின் வருகையை இந்திய அரசாங்கம் தடை செய்தது. இந்நிகழ்ச்சியைப் பற்றி லண்டன், டெல்லி, கோலாலம்பூர் அலுவலகங்களுக்கிடையே நடந்த கடிதப் போக்குவரத்து ஏராளம்; வரலாற்றாசிரியர்கள் அதைப் பலமுறை எடுத்தாண்டிருக்கிறார்கள். அதே காலத்தில் தங்கள் நாளிதழும் நடந்துகொண்டிருந்தது. 1935இல் தொடங்கப்பட்ட தமிழ் முரசின் பழைய இதழ்கள் தேசிய நூலக வாரியத்தின் மின்வடிவத் தொகுப்பில் யாரும் படிக்கக்கூடியவையாக இருக்கின்றன. அண்ணன் இங்கே இருக்க, தம்பி ஊரில் காத்திருக்க, இடையில் வந்து விழுந்த தடையைப் பற்றித் தமிழில் எழுதியவர்கள் என்ன எழுதினார்கள் என்பதை ஆங்கில ஆவணங்களோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஆய்வேடு ஒன்று இருந்தால், அந்த 1938ஆம் ஆண்டைப் பற்றி நாம் வேறு விதமாகப் பேச முடியும்.

அதற்கும் முற்பட்ட இதழ் சிங்கை நேசன். சி.கு. மகுதூம் சாயபு அவர்களால் 1887இல் தொடங்கப்பட்டு 1890 வரை இங்கே அச்சாகி வெளிவந்த வார இதழ் அது. அதைப் படிப்பதற்குத் தமிழ் தெரிந்தால் போதும் என்று என் மாணவர்கள் நினைக்கிறார்கள். போதாது. சந்தி பிரிக்காமல் நீளும் தொடர்கள், இன்று வழக்கொழிந்துவிட்ட எழுத்து வடிவங்கள், அறபுச் சொற்கள் இயல்பாகக் கலந்து வரும் முஸ்லிம் தமிழ் நடை, இன்று நாம் வேறு பெயரால் அழைக்கும் ஊர்களும் தெருக்களும் என ஒவ்வொன்றாகப் பழக வேண்டும். அக்காலத் தமிழ் ஆவணங்களில் தேதிகள் ஆங்கில ஆண்டில் மட்டும் வருவதில்லை. தமிழ் ஆண்டுப் பெயரோ ஹிஜ்ரி ஆண்டோ இருக்கலாம். சர்வசித்து ஆண்டு என்று கண்டால், அது 1887 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டாகவும் இருக்கலாம், அறுபது ஆண்டுச் சுழற்சியில் அடுத்து வந்த 1947ஆகவும் இருக்கலாம்; எது என்று தாளையும் அச்சையும் செய்தியையும் கொண்டு முடிவு செய்ய வேண்டும். பழைய அச்செழுத்துகளைக் கணினி நன்றாக அடையாளம் காண்பதில்லை என்பதால், தேடுசொல்லை இட்டுவிட்டுக் காத்திருப்பதாலும் பயனில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டத்தான் வேண்டும். விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்தின் 11ஆம் மாடியில் சனிக்கிழமைகளில் அமர்ந்து அவ்வாறு புரட்டிய காலத்தை என் படிப்பின் மிக மகிழ்ச்சியான பகுதியாக நான் கருதுகிறேன்.

நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் பழைய கணக்கேடுகள் இன்னும் கடினமானவை. மார்க்கெட் ஸ்திரீட்டில் கிட்டங்கிகள் (செட்டியார்களின் தொழிலிடங்கள்) இருந்த காலத்து வட்டித் தொழிலை ஆராய விரும்பும் மாணவர் தமிழ் எண்களை மட்டுமன்றிப் பின்னங்களையும் படிக்கப் பழக வேண்டும். மாகாணி என்பது 16இல் ஒரு பங்கு, காணி 80இல் ஒரு பங்கு, முந்திரி 320இல் ஒரு பங்கு. இவற்றுக்கெல்லாம் தனித்தனிக் குறியீடுகள் இருந்தன. இதைப் பள்ளிக்கூடத்தில் எவரும் கற்பிப்பதில்லை. முறையான நெறியாளரும் போதிய காலமும் கிடைத்தால்தான் ஒருவர் இதைக் கற்றுக்கொள்ள முடியும்; அவ்விரண்டையும் தரக்கூடியது முதுகலைப் படிப்பு.

தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒருவர் இத்துறையில் என்ன செய்து காட்டினார் என்பதையும் நம் இளையர்கள் அறிந்திருக்க வேண்டும். ஜப்பானியரான நொபுரு கராஷிமா 1960களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று கல்வெட்டுத் தமிழைக் கற்றார். பின்னர் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து, சோழர் காலக் கல்வெட்டுகளை ஆயிரக்கணக்கில் அலசி, நில உடைமை எவ்வாறு மாறியது என்பதை எடுத்துக்காட்டினார். தாய்லாந்தின் தகுவாபாவில் மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவினரைக் குறிப்பிடும் 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, சுமத்ராவின் பாருசில் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் 1088இல் பொறித்த கல்வெட்டு, சீனாவின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281இல் சிவன் கோயிலுக்காகத் தமிழிலும் சீனத்திலும் பொறிக்கப்பட்ட கல்வெட்டு, இலங்கையின் காலியில் கண்டெடுக்கப்பட்ட, சீனக் கடற்தளபதி செங் ஹேயின் பயணத்தோடு தொடர்புடைய மும்மொழிக் கல்வெட்டு ஆகியவை நம்மைச் சுற்றியுள்ள கடல்களில் தமிழ் எவ்வளவு தூரம் சென்றது என்பதற்குச் சான்றுகள். சிங்கப்பூரிலிருந்து இவை யாவும் சில மணி நேர விமானப் பயணத்தில் இருக்கின்றன. மலாய், சீனம், தமிழ் ஆகியவற்றின் நடுவே வளரும் ஒரு சிங்கப்பூர் மாணவரைவிட இவற்றை ஆராயப் பொருத்தமானவர் யார் என்று நான் பல நாள் எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

தமிழ் மட்டும் போதும் என்றும் நான் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்த அரசரத்தினம் டச்சு மொழியைக் கற்று, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்களைக் கொண்டு இலங்கையின் வரலாற்றையும் சோழமண்டலக் கரை வணிகத்தின் வரலாற்றையும் எழுதினார். இங்கே ஆய்வு செய்பவருக்கு மலாய் பெரிதும் துணைபுரியும். மலாயை அறபு எழுத்தில் எழுதும் ஜாவியும் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது.

இவ்விடத்தில் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். வரலாற்று முதுகலையை நான் ஆதரிப்பது தமிழர் பெருமையைப் பறைசாற்ற ஆட்கள் வேண்டும் என்பதற்காக அன்று. சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்து, 1843இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட சிங்கப்பூர்க் கல்லை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதிலுள்ள எழுத்து இன்றுவரை எல்லாரும் ஏற்கும் வகையில் படிக்கப்படவில்லை. இருந்தும், அது தமிழ்தான் என்றும் சோழர் இந்தத் தீவை ஆண்டதற்கு அதுவே ஆதாரம் என்றும் கூறும் செய்திகள் கைப்பேசிகளில் சுற்றி வருகின்றன. இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி கடாரம், ஸ்ரீவிசயம், மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், இலாமுரிதேசம் என்று அவன் படையெடுத்த ஊர்களை வரிசையாகச் சொல்கிறது. அது உண்மையான, அரிய சான்று. அப்பட்டியலில் உள்ள ஊர்களுள் சிலவற்றை இன்றைய வரைபடத்தில் எங்கே வைப்பது என்பதில் அறிஞர்களிடையே இன்னமும் கருத்து வேறுபாடு இருக்கிறது. படையெடுத்தது வேறு, ஆண்டது வேறு. "இதற்குச் சான்று இல்லை" என்று தம் சமூகத்தாரிடமே அமைதியாகச் சொல்லக்கூடிய தமிழ் வரலாற்றாய்வாளர்கள் நமக்கு வேண்டும். அவர்களை இனத்துக்கு எதிரானவர்கள் என்று எண்ணாத சமூகமாக நாமும் இருக்க வேண்டும். பிற இனத்து அறிஞர்கள் முன்னிலையில் நம் வரலாறு நிமிர்ந்து நிற்பது அவர்களால்தான்.

என் ஆய்வு தமிழ்ப் பள்ளிகளைப் பற்றியது. நான்கு மொழிப் பள்ளிகளையும் சமமாக நடத்த வேண்டும் என்று சீனக் கல்வி குறித்த அனைத்துக் கட்சிக் குழு 1956இல் பரிந்துரைத்தது. அதன்பின் தமிழ்ப் பள்ளிகளுக்கு நல்ல காலம் வந்திருக்க வேண்டும் என்றே யாரும் எதிர்பார்ப்பார்கள். மாணவர் சேர்க்கையோ குறைந்துகொண்டே சென்றது. கடையநல்லூர் மக்களின் முயற்சியால் 1946இல் தொடங்கப்பட்டு, கடைசித் தமிழ் உயர்நிலைப் பள்ளியாக விளங்கிய உமறுப் புலவர் பள்ளி 1982இல் மூடப்பட்டது. கல்வித் துறையின் ஆண்டறிக்கைகள் மாணவர் எண்ணிக்கையைத் தருகின்றன. பெற்றோர் ஏன் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றினார்கள் என்பதை அந்த எண்ணிக்கைகள் சொல்வதில்லை. பத்திரிகைக்கு அக்காலத்து ஆசிரியர்களும் பெற்றோரும் எழுதிய கடிதங்களில்தான் அந்த மனப்போராட்டத்தைக் கண்டேன். வேலை வாய்ப்பை நினைத்து வருந்தி எழுதிய தந்தையும் உண்டு. மொழி போய்விடுமே என்று கலங்கி எழுதிய ஆசிரியரும் உண்டு. இருவரையும் நியாயமாக எழுத வேண்டும் என்பதை என் நெறியாளர் எனக்கு விடாமல் நினைவூட்டிக்கொண்டே இருந்தார். ஆசிரியை என்ற முறையில் என் மனம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது என்பதை அவர் அறிந்திருந்தார்.

வேறு தலைப்புகளும் காத்திருக்கின்றன. 1938இல் திறக்கப்பட்ட செம்பவாங் கடற்படைத் தளத்தைச் சுற்றி வளர்ந்த தமிழ், மலையாளத் தொழிலாளர் குடியிருப்புகளும் பிரிட்டிஷ் படை விலகியபோது அவர்களுக்கு நேர்ந்ததும் ஒன்று. 1932இல் நிறுவப்பட்ட தமிழர் சீர்திருத்தச் சங்கமும் கோயில் நிர்வாகங்களும் மோதிக்கொண்டதும் பின்னர் இணங்கி வந்ததும் மற்றொன்று. பெண்களின் வரலாறு எல்லாவற்றையும்விடக் குறைவாக எழுதப்பட்டிருக்கிறது.

1979இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்று நிலையத்தின் பதிவுகளில் தமிழில் அளிக்கப்பட்ட பேட்டிகளும் இருக்கின்றன. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தைக் கடந்து வந்தவர்கள் தங்கள் சொந்தப் பேச்சுத் தமிழில், ஊர் வழக்கோடும் இடையில் கலக்கும் மலாய்ச் சொற்களோடும் பேசியிருப்பதைக் கேட்டுப் பொருள்கொள்ளத் தமிழறிந்த காது தேவை. எழுத்து வடிவில் தட்டச்சு செய்யப்பட்ட படியைப் படிப்பதோடு நின்றுவிட்டால், பேசியவர் எங்கே தயங்கினார், எங்கே குரல் மாறியது, எதைக் கேட்டபோது பேச்சைத் திருப்பினார் என்பது நமக்குக் கிட்டாது. இப்போதுள்ள மூத்தோரையும் பேட்டி காண வேண்டும். கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர்களும் தமிழ்ப் பள்ளிகளில் கற்பித்தவர்களும் இன்று எண்பது வயதைக் கடந்தவர்கள். இன்னும் பத்தாண்டு கழித்து இந்த ஆய்வைத் தொடங்கலாம் என்று தள்ளிப்போட வழியில்லை.

இதில் சேர நினைப்பவர்களுக்கு ஒரு சொல். இந்தியப் பல்கலைக்கழகங்களின் அஞ்சல்வழி முதுகலை நம் ஆசிரியர்கள் பலருக்கு நன்கு பழக்கமானது. பரந்த பாட அறிவை அது தருகிறது. அதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆவணத்தோடு அமர்ந்து போராடும் பயிற்சி வேண்டுமென்றால் ஆய்வேடு எழுதும் படிப்பையே தேட வேண்டும். எந்தப் பட்டத்தையும் பெறும் முன், அதை உங்கள் துறையில் வேலை தருபவர்கள் ஏற்பார்களா என்று நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் தலைப்பை அறிந்த நெறியாளர் இருக்கிறாரா என்பதைப் பல்கலைக்கழகத்தின் பெயரைவிட முதன்மையாகக் கருதுங்கள். வேலையோடு பகுதிநேரமாகப் படிப்பவர்கள், வீட்டில் இருப்பவர்களின் மனமார்ந்த இசைவைப் பெற்ற பிறகே தொடங்குவது நல்லது. வார இறுதிகள் உண்மையிலேயே போய்விடும்.

இனிப் பணத்துக்கு வருகிறேன். நாற்பது வயதைக் கடந்த சிங்கப்பூரர்களுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்கத் திறன் மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ் 2024இல் அளிக்கப்பட்ட 4,000 வெள்ளி, வேலைவாய்ப்பை முன்னிட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்ட படிப்புகளுக்கு உரியது. அந்நோக்கத்தில் நான் குறைகாணவில்லை. வரலாற்று ஆய்வு அதன் எல்லைக்குள் எளிதில் வராது என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன். பல்கலைக்கழகங்கள் தரும் ஆய்வு உதவித்தொகைகளுக்கு எல்லாத் துறை மாணவர்களும் போட்டியிடுகிறார்கள். கட்டணத்துக்கு மேல், தமிழ் ஆவணங்களைத் தேடுபவருக்குப் பயணச் செலவும் உண்டு. சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் மதராஸ் மாகாண அரசின் கோப்புகளைப் பார்க்க வேண்டியிருக்கும்; தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய பருவ இதழ்களைப் பார்க்க வேண்டியிருக்கும்; சிலருக்கு லண்டனுக்கும் செல்ல நேரும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே இதைச் செய்ய முடியும் என்றால், நம் வரலாற்றை யார் எழுதுவது என்பதையும் வசதியே முடிவு செய்துவிடும். தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அந்த உழைப்பின் வரலாற்றை எழுத வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன்.

இதற்கு முன்மாதிரி தங்கள் நாளிதழின் வரலாற்றிலேயே இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த 1950களில், அங்கு அமையவிருந்த இந்திய ஆய்வுத் துறையில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று முரசின் ஆசிரியராக இருந்த தமிழவேள் கோ. சாரங்கபாணி போராடினார். தமிழ் எங்கள் உயிர் என்ற பெயரில் நிதி திரட்டினார். செல்வந்தர்களை மட்டும் நம்பியிராமல், சாதாரணத் தொழிலாளர்களும் தங்களால் இயன்ற ஒரு வெள்ளியைத் தரலாம் என்று முரசின் வாயிலாக அழைத்தார், மக்கள் தந்தார்கள். அவர்களுள் பெரும்பாலோர் பல்கலைக்கழக வாசலையும் மிதித்திராதவர்கள். உயர்கல்வியில் தமிழ் இருக்க வேண்டும் என்பதற்காக அவர்கள் அன்று செய்ததை, அவர்களைவிடப் பல மடங்கு வசதியோடு வாழும் நாம் இன்று செய்யத் தயங்க வேண்டியதில்லை.

என் வேண்டுகோள் இதுதான். தமிழ் அமைப்புகள், கோயில் மற்றும் பள்ளிவாசல் நிர்வாகங்கள், முன்னாள் மாணவர் சங்கங்கள் ஆகியவை இணைந்து, ஆண்டுக்கு ஒருவருக்கேனும் வரலாற்று முதுகலை ஆய்வுக்கு உதவித்தொகை வழங்கும் நிதி ஒன்றை அமைக்க வேண்டும். விண்ணப்பிப்பவர் எந்த இனத்தவராகவும் இருக்கலாம். தமிழ் மூல ஆவணங்களைப் படித்து ஆராய்பவராக இருந்தால் போதும். வயது வரம்பு வேண்டாம்; பகுதிநேர மாணவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மாணவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பல்கலைக்கழக வரலாற்றாசிரியர்களிடம் இருக்கட்டும். நிதி தருபவர்கள் அதில் தலையிடாதிருப்பது நல்லது. ஆய்வின் முடிவு நிதி தந்த அமைப்புக்குப் பிடித்ததாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எழுத்திலும் இருக்கக் கூடாது, மனத்திலும் இருக்கக் கூடாது. ஒரு கோயிலின் நிதியால் படித்தவர் அந்தக் கோயிலில் ஒரு காலத்தில் சிலருக்கு நுழைவு மறுக்கப்பட்டதை எழுத நேர்ந்தால், தடையின்றி எழுதட்டும். கைம்மாறாக மாணவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: ஆய்வேட்டின் சாரத்தைப் பொதுமக்கள் படிக்கும்படி நல்ல தமிழில் எழுதித் தர வேண்டும். அதை வெளியிடத் தங்கள் நாளிதழ் இடமளித்தால் நிதி தந்த ஒவ்வொருவருக்கும் அது போய்ச் சேரும்.

இந்த நிதிக்கு என் பங்காக ஒரு மாதச் சம்பளத்தைத் தர ஆயத்தமாக இருக்கிறேன். பொறுப்பேற்க முன்வரும் அமைப்பு எதுவாயினும், முன்மொழிவு எழுதப் பயிலும் மாணவர்களுக்கு வார இறுதிகளில் வழிகாட்டவும் அணியமாக இருக்கிறேன்.

வீடு மாறும்போதும் மூத்தோர் மறைந்த பிறகும் பழைய சங்க அறிக்கைகள், பள்ளி ஆண்டு மலர்கள், ஊரிலிருந்து வந்த கடிதங்கள், கணக்குப் புத்தகங்கள் ஆகியவற்றைக் கழிவுத் தாளோடு சேர்த்துக் கொடுத்துவிடும் குடும்பங்கள் உண்டு. அவற்றை வீசுவதற்கு முன் தேசிய ஆவணக் காப்பகத்திடமோ, தேசிய நூலக வாரியத்திடமோ, கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்திடமோ ஒரு முறை காட்டுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். யாருடைய கையெழுத்து, எந்த ஆண்டு, எந்த ஊர் என்று வீட்டில் நினைவிருப்பதை ஒரு தாளில் எழுதி உடன் வைத்துக் கொடுத்தால், பின்னாளில் அதை எடுத்துப் படிக்கும் மாணவருக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வரலாற்று ஆசிரியை ஒருவர்,
செங்காங்